பந்தைக் கீழே வையுங்கள்

பக்கவாதம் வந்த வீடு எது என்று எனக்கு யாரும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. நோயாளியின் கையிலோ தலையணை ஓரத்திலோ மஞ்சள் நிற ஸ்பாஞ்சுப் பந்து ஒன்று சிரித்துக்கொண்டிருக்கும். மருமகன் மருந்துக்கடையில் வாங்கி வந்திருப்பார். இல்லையென்றால் வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் யோசனை சொல்லியிருப்பார். அமுக்க அமுக்கக் கைக்கு பலம் வரும் என்று வீடே நம்பும். அவரும் வியர்க்க வியர்க்க அமுக்கிக்கொண்டிருப்பார். நான் போனதும் முதல் வேலையாக அந்தப் பந்தை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவேன். மருந்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி வீட்டார் முகம் வாடிவிடும்.

பக்கவாதத்தில் விழுந்த கை மீளும்போது, பலருக்கும் விரல் மடங்குவது முதலில் வந்துவிடுகிறது. நிமிர்வதுதான் வருவதில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு இறுகிக்கொள்ளும். நகம் வெட்டவே ஒருவர் பிடித்துப் பிரிக்க வேண்டியிருக்கும். சோற்றை அள்ளவும், டம்ளரைப் பிடிக்கவும், பிடித்ததைக் கீழே வைக்கவும் முதலில் கை திறக்க வேண்டும். திறக்கத் தெரியாத கைக்கு மூடுவதையே நாளெல்லாம் சொல்லிக்கொடுக்கிறது இந்தப் பந்து. எங்கள் துறையின் கோளாறு முழுவதும் இதற்குள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: கற்க வேண்டிய மனிதரை விட்டுவிட்டுக் கைக்கு வைத்தியம் பார்க்கிறோம்.

25 ஆண்டுகளுக்கு மேலாகப் பிசியோதெரபி மாணவர்களுக்கு நரம்பியல் பாடம் எடுத்துவருகிறேன். காலையில் வகுப்பு, பிறகு வார்டு, மதியம் ஓபி. நான் வேலையில் சேர்ந்தபோது எங்கள் பிரிவுக்கு மருத்துவமனையில் ‘கரண்ட் ரூம்’ என்றுதான் பெயர். மெழுகுத் தொட்டி, ஷார்ட்வேவ் பெட்டி, சுவரில் ஷோல்டர் வீல், உத்தரத்திலிருந்து தொங்கும் கப்பியும் கயிறும். நோயாளி வருவார், படுப்பார், கரண்ட் வைப்போம், காலை மடக்கி நீட்டிவிடுவோம், போய்விடுவார். இருபது நிமிடம். அதில் அவர் செய்தது என்று எதுவும் இருக்காது. வேலை முழுக்க எங்களுடையது.

அந்தக் கப்பியை வைத்து நான் செய்த தவறு ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், இடப்பக்கம் விழுந்துவிட்டது. நல்ல கையால் கயிற்றை இழுத்தால் விழுந்த கை மேலே போகும் என்று மாணவர்கள் முன்னால் நானே செய்துகாட்டினேன். தினமும் நூறு முறை என்று சீட்டும் எழுதிக்கொடுத்தேன். மூன்றாவது வாரம் அவர் சட்டை மாட்டவிடவில்லை. தோளைத் தொட்டாலே கத்தினார். பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டார். கேஸ் ஷீட்டில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினேன். இன்றைக்கும் உறுத்துகிற வரி அது.

தோள் மூட்டு இடுப்பைப் போல ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருப்பதில்லை. சுற்றியுள்ள தசைகள்தான் அதைத் தூக்கிப் பிடிக்கின்றன. அவை செயலிழந்த நேரத்தில், தோள்பட்டை எலும்பு உடன் திரும்பாமல் கையை மட்டும் உயரே இழுத்தால் உள்ளே நசுங்கும். பக்கவாதத்துக்கான சிகிச்சை வழிகாட்டிகள் தலைக்கு மேல் இழுக்கும் கப்பி வேண்டாம் என்று எழுதிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் பல ஊர்களில் கப்பி இன்னும் தொங்குகிறது. வீட்டிலும் இதே கதைதான். கட்டிலிலிருந்து எழுப்பும்போது விழுந்த கையைப் பிடித்து இழுப்பார்கள், அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள், தோள் போய்விடுகிறது.

நாங்கள் படித்ததும் பல காலம் கற்பித்ததும் போபாத் முறையை. பெர்த்தா போபாத் ஜெர்மனியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி லண்டனுக்கு வந்தவர். 1940-களில் சைமன் எல்வெஸ் என்ற ஓவியருக்குப் பக்கவாதம் வந்தபோது அவரைக் கவனிக்கும் பொறுப்பு பெர்த்தாவுக்கு வந்தது. விழுந்த பக்கத்தைக் கைகழுவிவிட்டு நல்ல பக்கத்தைக் கொண்டு சமாளிக்கச் சொல்லிக்கொடுத்த காலம் அது. விழுந்த பக்கத்தின் இறுக்கத்தைக் கையால் தளர்த்த முடியும், அதை மீட்க முயலலாம் என்று அவர் கண்டார். அந்தத் துணிச்சலுக்கு நாங்கள் என்றும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அவருக்குப் பின்வந்தவர்கள் கையில் அது ஒரு ரகசியக் கலை மாதிரி ஆகிவிட்டது. எங்கே பிடிப்பது, எப்படித் திருப்புவது என்பது சிகிச்சையாளரின் விரல்களுக்கு மட்டுமே தெரியும். நோயாளி அவருக்காகக் காத்திருக்க வேண்டும்.

அந்தக் கட்டைப் பெரிதும் அவிழ்த்தவர்கள் இரண்டு விரிவுரையாளர்கள். சிட்னியில் கம்பர்லாண்ட் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஜேனட் காரும் ராபர்ட்டா ஷெப்பர்டும். இருவரும் பிசியோதெரபிஸ்ட்கள். பக்கவாத நோயாளிக்கான இயக்க மறுகற்றல் திட்டத்தை 1982-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அதன் சாரம் எளிது. நீச்சலும் தட்டச்சும் எப்படிக் கற்றுக்கொள்கிறோமோ அப்படியே எழுந்து நிற்பதையும் டம்ளரைப் பிடிப்பதையும் நோயாளி மறுபடி கற்கிறார். ஆகவே அவர் மாணவர்; நாம் ஆசிரியர்கள். எந்த வேலை வர வேண்டுமோ அந்த வேலையையே பழக வேண்டும். படுக்க வைத்துக் காலை மடக்கினால் நடை வராது, நடந்தால்தான் வரும். இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் நினைவிருக்கிறது. வகுப்பறையில் ஆசிரியராக இருந்த நான் ஓபியில் மட்டும் ஏன் மசாஜ்காரியாக இருந்தேன் என்று.

நார்வேயில் 61 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு போபாத், மறு குழுவுக்கு மறுகற்றல் என்று பார்த்த ஆய்வு 2000-ல் வந்தது. மறுகற்றல் குழுவினர் மருத்துவமனையில் இருந்தது சராசரியாக 21 நாள். மற்றவர்கள் 34 நாள். இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு வகுப்பில் கைதட்டல் வாங்கலாம். பல ஆண்டுகள் நானும் வாங்கியிருக்கிறேன். அதே ஆய்வாளர்கள் ஓராண்டும் நான்காண்டும் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்ததை மாணவர்களுக்குச் சொல்ல எனக்குத் தாமதமாகத்தான் தைரியம் வந்தது. இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டுக்குப் போன பிறகு இரு சாராருமே சரிந்திருந்தார்கள். எந்த முறையில் தொடங்கினோம் என்பதைவிட, வீடு திரும்பிய பிறகு யார் தொடர்ந்தார்கள் என்பதே பெரிய கேள்வி.

அடுத்த கேள்வி, எத்தனை தடவை. வட அமெரிக்காவில் பக்கவாத சிகிச்சை நேரங்களில் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து 2009-ல் எழுதினார்கள். ஒரு வேளைச் சிகிச்சையில் கையால் ஒரு காரியத்தை நோயாளி செய்துபார்த்தது சராசரியாக 32 முறை. மூளை தன்னைத் திருத்திக்கொள்வதைக் காட்டிய விலங்குச் சோதனைகளில் அந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருந்தது. இதைப் படித்துவிட்டு என் மாணவர்களை எங்கள் ஓபியில் எண்ணச் சொன்னேன். எண்ணை வாய்விட்டுச் சொல்ல ஆளாளுக்குத் தயங்கினார்கள். 32-ஐ எட்டியவர் யாருமில்லை.

ஆஸ்திரேலியாவில் ஜூலி பெர்ன்ஹார்ட் என்ற பிசியோதெரபிஸ்ட் 5 மருத்துவமனைகளில் 64 நோயாளிகளைப் பகல் முழுக்கக் கவனித்து 2004-ல் எழுதியதும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது: பாதிக்கு மேற்பட்ட நேரம் படுக்கையில், 60% நேரம் தனியாக. நம் வார்டில் தனிமைக்கு இடமில்லை. கட்டிலைச் சுற்றி நாலு பேர், கட்டிலுக்கு அடியில் ஒருவர். ஆனால் நோயாளி படுத்துக்கொண்டுதான் இருக்கிறார். எழுந்து உட்கார முயன்றால், “பேசாம படுங்கப்பா, அலட்டிக்காதீங்க” என்று நாலு பேரும் சேர்ந்து அழுத்திப் படுக்க வைக்கிறார்கள். நமக்குக் கவனிப்பு என்றால் எதையும் செய்யவிடாமல் இருப்பது.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு டீ மாஸ்டர் வந்தார். வலப்பக்கம் விழுந்து ஐந்து மாதம். கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். “டாக்டரம்மா, கரண்ட் வச்சா விட்டுடுமா?” என்றார். புறா ரத்தம் தேய்த்துப் பார்த்ததை அவர் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னார். பையிலிருந்து மஞ்சள் பந்தும் வந்தது.

மாணவி ஒருத்தியைக் கேண்டீனுக்கு அனுப்பி இரண்டு கண்ணாடி கிளாஸ் வாங்கிவரச் செய்தேன். கிளாஸைப் பார்த்ததும் மனிதர் முகம் மாறியது. ஆனால் விரல் திறக்கவில்லை. மணிக்கட்டை மேஜையில் சாய்த்து வைத்து, முதலில் மெலிந்த மரக்கட்டை ஒன்றைப் பிடித்து விடச் சொன்னோம். பிடிப்பதில் எங்களுக்கு அக்கறை இல்லை, விடுவதுதான் பாடம். முதல் நாள் பத்திலேயே களைத்துவிட்டார். ஒவ்வொரு முறைக்கும் அவர் மனைவி பழைய காலண்டர் தாளின் பின்புறம் ஒரு கோடு போட்டார். கட்டை தடித்தது, பிறகு காலி கிளாஸ், பிறகு பாதித் தண்ணீர். மாதக் கடைசியில் நாளுக்கு நூறு கோட்டைத் தாண்டியது.

பழையபடி கையை உயர்த்தி நுரை பொங்க ஆற்றுவது அவருக்குத் திரும்பவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். வலக்கையில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு இடக்கையால் ஊற்றுகிறார். கடை நடக்கிறது.

வலக்கை என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கை ஒன்றைப் பயன்படுத்தாமல் விட்டால், பயன்படுத்தாமல் இருப்பதையே மூளை கற்றுக்கொள்ளும் என்று காட்டியவர் எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர். நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டுப்படுத்தி, விழுந்த கையை வேலை செய்ய வைக்கும் சிகிச்சை அதிலிருந்து பிறந்தது. 222 பேரிடம் இரண்டு வாரம் நடத்திய சோதனையில் அது பலன் தந்ததாக 2006-ல் வெளியானது. விழித்திருக்கும் நேரத்தில் 90% உறை கையில் இருக்க வேண்டும் என்பது அங்கே வைத்த இலக்கு. நம் ஊரில் வலப்பக்கம் விழுந்தவருக்கு இடக்கையில் உறை மாட்டிவிட்டால் அவர் கால் கழுவுவது எப்படி? மாட்டாவிட்டாலும் சிக்கல்தான்: இடக்கையால் சாப்பிடக் கூசி, பந்தியைத் தவிர்த்து, மனைவி ஊட்டிவிட அறைக்குள்ளேயே முடங்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சாப்பாட்டு வேளை மூன்றுக்கு மட்டும் உறை என்று மாற்றினோம். சோறு பிசைவதைவிட நல்ல விரல் பயிற்சி எந்தப் புத்தகத்திலும் இல்லை. முதல் வாரம் பாதி தரையில் சிந்தும். சிந்தட்டும் என்று சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும்.

நாங்கள் நோயாளியை அளக்கும் கோல்களும் வேறு வீடுகளுக்காகச் செய்தவை. 1965-ல் வந்த பார்த்தெல் அளவுகோல் உலகம் முழுக்கப் புழங்குகிறது, நல்ல கோல்தான். சாப்பாடு, குளியல், மாடிப்படி என்று பத்து விஷயம் கேட்கும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழ முடிகிறதா என்று கேட்காது. 100-க்கு 100 வாங்கிய அம்மா ஒருவர் ஊருக்குப் போய், சாவு வீட்டில் தரையில் உட்கார முடியாமல் வாசலிலேயே நின்றுவிட்டு வந்ததைச் சொல்லி அழுதார். எழுந்து நிற்கும் பயிற்சியில் இருக்கையின் உயரம்தான் சூட்சுமம். உயரமான இருக்கையில் தொடங்க வேண்டும், பாதத்தை முழங்காலுக்குப் பின்னால் இழுத்து, உடம்பை முன்னே சாய்த்து எழ வேண்டும், பிறகு உயரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கட்டில், நாற்காலி, திண்ணை, முக்காலி, மணை, தரை. பல கிராமத்து வீடுகளில் இந்த ஏணி ஏற்கெனவே இருக்கிறது. பல லட்சம் கொடுத்து வாங்கும் ஏறி இறங்கும் மெத்தை மேஜை இதைத்தான் செய்கிறது.

இயந்திரம் என்றால் இப்போது பேச்செல்லாம் ரோபோ பற்றித்தான். பெரிய மருத்துவமனைகள் விளம்பரம் செய்கின்றன. பிரிட்டனில் 770 பேரிடம் கை ரோபோவைச் சோதித்து 2019-ல் முடிவு சொன்னார்கள்: வழக்கமான சிகிச்சையைவிடக் கையின் பயன்பாட்டில் முன்னேற்றம் இல்லை. ரோபோ கெட்டது என்று நான் சொல்லவில்லை. வீட்டை அடகு வைக்கும் முன் இந்த ஒரு வரி தெரிந்திருக்கட்டும்.

சரி, பயிற்சிதான் மருந்து என்றால் குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடலாமே என்று நிர்வாகிகள் கேட்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அதையும் நம் நாட்டிலேயே சோதித்தார்கள். 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். பாதிப் பேரின் குடும்பத்தாருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டில் தொடரச் சொன்னார்கள். 2017-ல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தோ, பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் பயிற்சி பெற்ற பக்கத்தில் 47%. பெறாத பக்கத்திலும் 47%. இதைப் படித்துவிட்டு ஒரு வாரம் எனக்கு வகுப்பு எடுக்க மனம் வரவில்லை. பிறகு யோசித்தால் வியப்பதற்கு என்ன இருக்கிறது? நாலரை ஆண்டு படித்தும் என் மாணவர்கள் தடுமாறுகிற வேலை இது. தூக்கமில்லாமல், வேலைக்கு லீவு போட்டு, வட்டிக்குக் கடன் வாங்கி நிற்கும் மகளுக்குச் சில மணி நேரம் சொல்லிக்கொடுத்து அந்தப் பொறுப்பை ஒப்படைப்பது சிக்கனம் ஆகாது. கைகழுவுதல்.

தமிழ்நாடு இதில் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அநியாயம். விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-லேயே வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. அந்தத் திட்டத்தின் வண்டியில் போகும் என் பழைய மாணவர்களைப் பார்க்கும்போது பெருமையாக இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். வட்டாரத்துக்கு ஒருவர் என்ற அளவில் சுமார் 385 பேர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் கிராமப்புற மக்கள் சுமார் 3.72 கோடி. ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். பக்கவாதம் மட்டுமல்ல, முழங்கால் வலி, இடுப்பு வலி, பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகள் எல்லாம் அந்த ஒருவர் தலையில். ஒரு வீட்டுக்கு அவர் எத்தனை நாளைக்கு ஒருமுறை திரும்ப வர முடியும்?

2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது. எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கும். அப்படித் தப்பி, தலையில் அடிபட்டு, நினைவும் நடையும் குலைந்து மூன்றாவது வாரம் வீடு திரும்பும் 22 வயதுப் பையனுக்கு 49-வது மணி நேரத்திலிருந்து என்ன ஏற்பாடு?

எங்கள் தரப்புக் குற்றத்தையும் மறைக்கக் கூடாது. 2025 செப்டம்பரில் பிசியோதெரபிஸ்ட்கள் பெயருக்கு முன் ‘டாக்டர்’ போடக் கூடாது என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் கடிதம் எழுதி, மறுநாளே திரும்பப் பெற்றது. அந்த இரண்டு நாளில் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடிய ஆவேசத்தில் நூற்றில் ஒரு பங்கு, கப்பியைக் கழற்றுவதற்கு ஓடியிருக்கலாம். (என்னை டாக்டரம்மா என்பவர்களைத் திருத்த எனக்கு நேரம் கிடைத்ததில்லை; திருத்தாதவர்களும் சம்பளத்தில் உயர்ந்துவிடவில்லை.) செய்முறைத் தேர்வில் மாணவர் கையை எங்கே வைக்கிறார் என்று பார்த்து மதிப்பெண் போடுகிறோம். அரை மணி நேரத்தில் நோயாளி புதிதாக எதைச் செய்யக் கற்றார், எத்தனை முறை செய்தார் என்று பார்த்து மதிப்பெண் போட்டால் பாதிப் பேர் தோற்பார்கள். தேர்வாளர்கள் உட்பட. முதுகலைக்கு வரும்போது நரம்பியலைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏன் குறைவு என்று மாணவர்களைத் திட்டுவதிலும் நியாயமில்லை. மூட்டு வலிக்காரர் பத்து நாளில் நன்றி சொல்லிவிட்டுப் போவார். பக்கவாதக்காரருக்கு ஆறு மாதம் உழைக்க வேண்டும், அதற்கான நிரந்தரப் பணியிடம் விரல்விட்டு எண்ணும் அளவில்தான்.

ஆகவே அரசிடம் கேட்பது இதுதான். ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் நரம்பியல் பயிற்சி பெற்ற ஒரு இயன்முறை மருத்துவருக்கும் ஒரு பேச்சுப் பயிற்சியாளருக்கும் நிரந்தரப் பணியிடம் வேண்டும். பக்கவாத நோயாளி வாரம் மூன்று நாள் வந்துபோக, ஆறு மாதத்துக்கு வண்டி வசதி வேண்டும். டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு மூன்று முறை வந்துபோக வேண்டியது இயல்பு என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். நடை பழகவும் அப்படியே. இயந்திரம் வாங்க ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை ஆள் போட ஒதுக்கினாலே தொடங்கிவிடலாம்.

அதுவரை, வீட்டில் பக்கவாதத்தில் விழுந்தவர் இருந்தால் ஒன்று சொல்கிறேன். விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பந்தை எடுத்து வைத்துவிட்டு, அவர் பிடிக்கக்கூடிய சிறிய பொருள் ஒன்றை மேஜைமேல் வையுங்கள். பிடித்து விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறைக்கும் காலண்டர் தாளின் பின்னால் ஒரு கோடு போடுங்கள். அடுத்து வரும் இயன்முறை மருத்துவரிடம் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள். நாளைக்கு எத்தனை கோடு என்று கேளுங்கள்.